14-ஆம் நூற்றாண்டுக் கவசம்: எதை முதலில் செய்வது?

#1 புதுக்கேடயம்

வணக்கம் நண்பர்களே. ஐரோப்பிய இடைக்காலப் போர்வீரர்களின் வாழ்க்கையை மீண்டும் நடத்திக் காட்டும் ரீனாக்ட்மெண்ட் குழு ஒன்றில் போன மாதம் சேர்ந்தேன். குழு எடுத்துக்கொண்ட காலம் 14-ஆம் நூற்றாண்டு. அடுத்த கோடை முகாமுக்குள் எனக்கான கவசமும் முகாம் சாமான்களும் தயாராக வேண்டும்.

இதுவரை இருநூறு படங்களுக்கு மேல் சேர்த்துவிட்டேன். மனதில் இருப்பது இதுதான்: முன்னால் கூம்பாக நீளும் முகமூடியுள்ள பாசினெட் தலைக்கவசம், முழங்கை வரை வளையக் கவசம் (சிறு இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை), அதன் மேல் ஸ்வீடனின் விஸ்பி நகரப் புதைகுழியில் கிடைத்தது போன்ற தகட்டுச் சட்டை (துணியின் அல்லது தோலின் உட்புறம் இரும்புத் தகடுகளைப் பொருத்தியது), கால்களுக்கு முழு இரும்பு. கூடாரத்தையும் நானே தைக்கலாம் என்று ஆசை. தகடு தட்டக் கொஞ்சம் தெரியும், தையல் அவ்வளவாக வராது. தலைக்கவசத்தை வாங்கிவிட்டு அதிலிருந்து தொடங்கலாமா?

#2 ஊசிநூல்

வாருங்கள். தகடு தட்டத் தெரிந்த ஒருவர் வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தலைக்கவசத்தை இப்போது வாங்காதீர்கள்.

"14-ஆம் நூற்றாண்டு" என்று ஒரே காலமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1310-இல் ஒரு நைட்டின் (குதிரையில் போரிடும் உயர்குடி வீரரின்) உடம்பில் இருந்தது பெரும்பாலும் வளையக் கவசம். அதன் மேல் தொளதொளவென்று துணி அங்கி, தலையில் வாளியைக் கவிழ்த்தது போன்ற பெரிய ஹெல்ம். 1390-இல் அதே தகுதியுள்ள ஆள் கை, கால், மார்பு என்று உடம்போடு ஒட்டிய இரும்புத் தகட்டில் நிற்கிறார். தாத்தாவும் பேரனும் அடுத்தடுத்து நின்றால் ஒரே குடும்பம் என்று சொல்ல மாட்டீர்கள். கூம்பு முகமூடி நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது. விஸ்பி சட்டைகள் 1361-இல் மண்ணுக்குள் போனவை, அதுவும் போகும்போதே அவற்றில் பல பழசாக இருந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் எந்த ஆண்டிலும் நிற்காத ஒரு ஆள்தான் வருவார்.

முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன தொழில், போருக்கு யார் அனுப்பினார்கள். அப்புறம் அந்த ஆளுக்குச் சட்டை தையுங்கள். உள்ளே லினன் (ஆளிநார்த் துணி) சட்டை, கால்சராய், கம்பளி மேலாடை, பிறகு பஞ்சு வைத்துத் தைத்த அங்கி. இரும்பு கடைசி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆசைப்பட்டு முதலில் மார்புக் கவசம் செய்தேன். பனியன் மேல் அளவெடுத்து, அழகாகத் தட்டி, மெருகு போட்டு வைத்தேன். ஐந்து மாதம் கழித்துப் பஞ்சு அங்கி தைத்துப் போட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளி, வார் எட்டவில்லை. குனிந்தால் கவசத்தின் கீழ் விளிம்பு தொடையில் ஏறியது, மேல் விளிம்பு தொண்டையில் இடித்தது. அந்தத் தகட்டை இன்னொரு முறை உபயோகிக்க வழியே இல்லாமல் போயிற்று.

#3 பட்டறைக்கல்

ஊசிநூல் சொல்வதை ஒரு கொல்லனாகவே வழிமொழிகிறேன். என்னிடம் அளவு கொடுக்க வருபவர்களை உள்ளங்கியோடுதான் வரச் சொல்வேன். அங்கி இல்லாமல் வந்தால் அன்றைக்கு அட்டை மாதிரி மட்டும் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன், தகட்டில் கை வைக்க மாட்டேன்.

#4 நெடுவில்

கொஞ்சம் மாற்றுக் கருத்து. இப்படி எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றால் பாதிப் பேர் தொடங்கவே மாட்டார்கள். என் முதல் வருடம் முனைகள் வெறுமனே சேர்த்து விட்ட வளையக் கவசத்தோடுதான் போனேன், ரிவெட் (இரு முனைகளையும் இணைத்துத் தட்டும் சிறு ஆணி) கிடையாது. தப்புதான், ஆனால் அந்த முகாமில்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன். புதியவர் களத்துக்கு வரட்டும், மெதுவாக மாற்றிக்கொள்ளட்டும்.

#5 ஊசிநூல்

நெடுவில், களத்துக்கு வரட்டும் என்பதில் எனக்கும் சம்மதம். எதோடு வருவது என்பதில்தான் பேச்சு. லினன் சட்டையும் கம்பளி மேலாடையும் கையால் தைத்த தோல் காலணியும் போட்டு வருபவர், வாளே இல்லாவிட்டாலும், 1360-இன் மனிதர். வண்டி ஓட்டலாம், அடுப்பு பார்க்கலாம், வில்லாளிக்கு அம்பு எடுத்துக் கொடுக்கலாம். அரைகுறைக் கவசத்தோடு வருபவருக்கு அடுத்த வருடம் அதைக் கழற்றிவிட்டு மறுபடி செலவு. துணிக்குப் போட்ட காசும் உழைப்பும் கடைசி வரை கூட வரும்.

#6 ஏட்டுப்பூச்சி

விஸ்பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்கிறோம், என்ன கிடைத்தது என்பதைச் சிலர்தான் பார்க்கிறார்கள்.

1361 ஜூலை 27. டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமர் காட்லாந்துத் தீவில் இறங்கி, விஸ்பி நகர மதிலுக்கு வெளியே தீவின் விவசாயிகளை நொறுக்கினார். நல்ல கோடை வெயில். உடல்கள் அழுகத் தொடங்கியதால் கவசத்தைக் கழற்றாமலே பலரைக் குழியில் போட்டுவிட்டார்கள். அந்த அவசரத்தால்தான் நமக்கு இவ்வளவு பொருள் கிடைத்தது. 1905-இலிருந்து 1930 வரை விட்டு விட்டுத் தோண்டினார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் பெங்க்ட் தோர்டெமன் தகட்டுச் சட்டைகளைத் தகடுகளின் அமைப்பை வைத்து வகை பிரித்து 1939-இல் வெளியிட்டார். சுமார் இருபத்தைந்து சட்டைகள். மண்டையோட்டோடு ஒட்டிய வளையத் தலையுறைகளும் வந்தன. கீழ்க்கால் எலும்புகளில் வெட்டுக் காயங்கள் நிறைய.

இதில் மூன்றை யோசிக்க வேண்டும். ஒன்று, இவர்களில் பெரும்பாலோர் ஊர்ப்படை ஆட்கள். வீட்டில் மாட்டியிருந்த, அப்பா போட்ட சட்டையாக இருந்திருக்கலாம். 1361 என்பது அது செய்யப்பட்ட ஆண்டு ஆகாது. இரண்டு, தகடுகளைப் பிடித்திருந்த தோலும் துணியும் மக்கிப் போய்விட்டன. ரிவெட் தலைக்கு அடியில் ஒட்டியிருந்த துணுக்குகளை வைத்துத்தான் மீதியை ஊகிக்க வேண்டும். இன்றைக்கு எல்லாரும் போடும் தடித்த பழுப்புத் தோல் நம் வசதிக்கு வந்தது. மூன்று, அந்தக் கால் காயங்கள். தீவு விவசாயி வேடம் போடுகிறவர் முழுக் கால் கவசம் மாட்டினால், அந்தக் குழி சொல்லும் சாட்சிக்கே எதிராகப் போகிறோம்.

#7 புதுக்கேடயம்

இது எனக்குத் தெரியவே தெரியாது. கல்லறைச் சிலைகளையும் ஓவியச் சுவடிகளையும் வைத்துத்தான் முடிவு செய்தேன். அவை நம்பத் தகுந்தவை இல்லையா?

#8 ஏட்டுப்பூச்சி

தகுந்தவைதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி.

கல்லறைச் சிலை பணக்காரருடையது. இங்கிலாந்தின் கான்டர்பரியில் உள்ள, 1376-இல் இறந்த கருப்பு இளவரசர் எட்வர்டின் சிலையில் வார், கொக்கி, ரிவெட் வரை எண்ணலாம். அவருடைய துணி மேலங்கி, ஹெல்ம், கையுறைகள் எல்லாமே கல்லறைக்கு மேல் தொங்கவிடப்பட்டு இன்றுவரை பிழைத்திருக்கின்றன. ஆனால் அவர் அரசரின் மகன். அந்த முகாமில் குதிரைக்குத் தண்ணீர் காட்டியவன் அப்படி உடுத்தவில்லை.

ஓவியங்களில் வேறு சிக்கல். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள 1240-களின் பிரெஞ்சுப் பைபிள் ஓவியங்களைப் பாருங்கள். கூடாரம், அடுப்பு, பஞ்சு அங்கி, வளையக் கவசம் கழற்றும் விதம் எல்லாம் உண்டு. தலைக்கு மேலாக இழுத்துக் குனிந்து உதறும் காட்சியைப் பார்த்தால், வரைந்தவர் அதை நேரில் பார்த்திருக்கிறார் என்று தெரியும். ஆனால் அது 13-ஆம் நூற்றாண்டு, உங்களுக்கு நூறு ஆண்டு முந்தியது. அதோடு, கதை பழைய ஏற்பாட்டுக் கதை என்பதால் சில ஓவியர்கள் கோலியாத் போன்றவர்களுக்கு வேண்டுமென்றே விநோதமான கவசம் போட்டுவிடுவார்கள்.

துணிக்கு மண்ணுக்குத்தான் போக வேண்டும். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஸ்னெஸ் இடுகாட்டில் 1921-இல் உறைந்த மண்ணிலிருந்து முழு உடைகள் வந்தன. ஸ்வீடனின் பாக்ஸ்டென் சதுப்பில் 1936-இல் ஒரு மனிதர் கிடைத்தார், தலையுறை, மேலாடை, போர்வை, காலுறையோடு. அவர் உடலில் லினன் எதுவும் இல்லை. அவர் உள்ளாடை போடவில்லை என்று அதற்கு அர்த்தமாகாது. அமிலச் சதுப்பு கம்பளியைக் காக்கும், லினனைக் கரைத்துவிடும். மண்ணில் கிடைக்காததை வைத்து முடிவுக்கு வரும் முன்னால் மண்ணைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

#9 ஊசிநூல்

தையலுக்கு வருகிறேன், எனக்கு உயிரே அதில்தான்.

அங்கிக்கு உள்ளே என்ன திணிப்பது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். லண்டன் கவசக்காரர்களின் 1322-ஆம் ஆண்டு விதிகளில் இது எழுதியே இருக்கிறது. பட்டு போர்த்திய அங்கிக்குப் புதுப் பருத்தித் துணியும் பஞ்சும் பழைய மென்பட்டும் வைக்கலாம், வேறு எதுவும் கூடாது. வெள்ளை அங்கிக்குப் பழைய துணியும் பஞ்சும் போதும், மேலும் உள்ளும் மட்டும் புதுத் துணியாக இருக்க வேண்டும். பழைய உடைந்த தலைக்கவசத்துக்குப் புதுத் துணி போர்த்தி விற்கிறார்கள் என்ற கோபமும் அதே விதிகளில் இருக்கிறது. இந்தப் பஞ்சு அங்கியை 'ஏக்டன்' என்று அவர்கள் சொன்ன சொல்லே அரபியில் பஞ்சைக் குறிக்கும் 'அல்-குத்ன்' என்பதிலிருந்து வந்தது. ஆகவே பஞ்சு வைத்தால் இடைக்காலம் இல்லை என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். செயற்கை நுரையும் பாலியஸ்டர் பஞ்சும் மட்டும் வேண்டாம், வியர்வை வெளியேறாமல் ஆளை வேக வைத்துவிடும்.

அடுத்தது கைத்துளை, பாதிப் பேர் தவறுவது இங்கேதான். பிரான்சின் லியோனில் உள்ள, பிரபு சார்ல்ஸ் டி ப்ளுவா அணிந்ததாகச் சொல்லப்படும் அங்கியைப் பாருங்கள். அவர் 1364-இல் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த சண்டையில் இறந்தார். அந்த அங்கியின் கை தோளோடு முடியவில்லை. துளை மார்புக்குள்ளும் முதுகுக்குள்ளும் வட்டமாக வெட்டி இறங்குகிறது, கைத்துணி ஆப்புத் துண்டுகளோடு அந்த வட்டத்தில் உட்காருகிறது. இன்றைய சட்டை மாதிரி வெட்டினால் கையைத் தூக்கும்போது உடுப்பு முழுக்க மேலே வரும். இந்த வெட்டில் கை மட்டும் தூக்கும், இடுப்பு நகராது. கால் கவசத்தை அங்கியின் இடுப்பில்தான் நாடாவால் கட்டித் தொங்கவிடுகிறோம், அதனால் இடுப்பு நகர்ந்தால் கால் கவசமும் ஒவ்வொரு வெட்டுக்கும் மேலே ஏறி இறங்கும்.

மலிவுத் துணியில் முதலில் ஒன்று தைத்துப் பாருங்கள். போட்டுக்கொண்டு இரு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். யாரையாவது இடுப்பு விளிம்பில் விரல் வைக்கச் சொல்லுங்கள். விரலை விட்டு விளிம்பு நகர்ந்தால் பிரித்துத் தையுங்கள். நான் நான்கு முறை பிரித்தேன்.

#10 பட்டறைக்கல்

இரும்புக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

தகட்டுச் சட்டைக்கு முழுத் தகடு வாங்கும் முன் அட்டையில் எல்லாத் துண்டையும் வெட்டி, அங்கிக்கு மேல் நாடாவால் ஒட்டிக்கொண்டு உட்காருங்கள், குனியுங்கள், முழங்காலிடுங்கள். இடுப்பு வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில்தான் எல்லாம் தெரியும். 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் மென் எஃகு போதும், தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிவதால் கனம் தானாகக் கூடும். கிரைண்டரில் வெட்டினால் விளிம்பின் பிசிறைக் கட்டாயம் அரத்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டே முகாமில் தோலை அறுத்துவிடும்.

ரிவெட் தலை வெளியே துணிப் பக்கம், அடிக்கும் முனை உள்ளே தகட்டின் மேல். தண்டு ரிவெட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு வெளியே நிற்கட்டும். அதைவிட நீளமாக விட்டால் தலை உருளாமல் தண்டு மடங்கிப் படுத்துவிடும், தட்டத் தட்ட மோசமாகும். சின்ன சுத்தியல், மெல்லிய அடி, சுற்றிச் சுற்றி. தாவரப் பட்டையில் பதனிட்ட தோலில் வெறும் இரும்பு ரிவெட் அடித்தால் ஈரம் பட்டதும் சுற்றிலும் கருப்பு வளையம் விழும். அதற்காக ரிவெட்டுக்கு வெள்ளீயம் பூசுவது நல்லது.

வளையக் கவசத்துக்கு நெடுவிலோடு நான் உடன்படவில்லை. முனை சேர்த்து விட்ட வளையம் ஒரு நல்ல குத்துக்கே வாய் திறந்துவிடும், அந்தக் காலத்து ஐரோப்பாவில் அதைப் போட்டுப் போருக்குப் போகவில்லை. கம்பியைக் கோலில் சுற்றி, வெட்டி, முனைகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றித் தட்டையாக்கி, துளையிட்டு, சின்ன ரிவெட் அடிக்க வேண்டும். துளையை டிரில் போட்டு எடுக்காதீர்கள். காய்ச்சி ஆறவிட்ட வளையத்தில் கூர்முனையால் குத்தித் திறந்தால் இரும்பு விலகி இருபக்கமும் ஒரு சிறு வீக்கம் வரும், அதுதான் பிடிப்பு. டிரில் அந்த இரும்பைத் தூளாக்கி வெளியே தள்ளிவிடும். ஒரு முழுச் சட்டைக்கு வளையத்தின் அளவைப் பொறுத்து 20,000-க்கும் மேல் போகும். அதனால் முதலில் தலையுறை மட்டும் செய்யுங்கள்.

#11 நெடுவில்

ஒப்புக்கொள்கிறேன், என்னுடையது வாய் திறந்துதான் போனது. இரண்டாம் நாள் கக்கத்தில் ஒரு கை அகலத்துக்குக் கிழிந்தது. ஆனாலும் நான் சொல்ல வந்தது இதுதான்: புதியவரை இத்தனை விதிகளால் மூச்சுத் திணற வைக்காதீர்கள். ஊசிநூல் சொன்ன வழி, துணியோடு முதலில் வருவது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

#12 முளைக்குச்சி

கூடாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் அதைத்தான் பத்து வருடமாகத் தைக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: உங்கள் ஆளிடம் கூடாரம் இருந்திருக்குமா? ஓவியங்களில் வரும் வட்டக் கூடாரம் பிரபுக்களுடையது. காலாள் வைக்கோலில், களஞ்சியத்தில், வண்டிக்கு அடியில் படுத்தான். எங்கள் முகாம்களில் ஆளுக்கொரு பெரிய கூடாரம், பெட்டி, மடக்கு நாற்காலி, மேசை, விளக்கு என்று அடுக்கிவிடுகிறோம். ஒரு படை நகர்ந்தால் அதை எத்தனை வண்டி இழுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு பலகைப் பெட்டி ஒன்று, மரக் கிண்ணம், கரண்டி, கத்தி, போர்வை. ஒரு காலாளுக்கு இது தாராளம். பத்துப் பேருக்கு ஒரு இரும்புக் கொப்பரையும் முக்காலியும்.

கூடாரம் தைத்தே தீருவீர்கள் என்றால் லினன் அல்லது சணல் கித்தான். உலோகக் கண் அடிக்காதீர்கள், அது 19-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். கையால் தைத்த கண் போதும், வலுவாகவும் நிற்கும். முக்கியமான ஒன்று: இயற்கை நார்க் கயிறு நனைந்தால் சுருங்கும். என் முதல் கூடாரத்தை மாலையில் வீணைக் கம்பி போல இழுத்துக் கட்டிவிட்டுத் தூங்கினேன். நள்ளிரவில் மழை. கயிறு சுருங்கி ஒவ்வொரு முளையாகப் பிடுங்கியது, விழித்துப் பார்த்தபோது ஈரக் கித்தான் முகத்தில் கிடந்தது. இரவில் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் படுங்கள்.

#13 புதுக்கேடயம்

இரண்டு நாளாக எல்லாவற்றையும் மறுபடி மறுபடி படித்தேன். பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறேன்.

ஆண்டு 1360-ஐ ஒட்டி. பால்டிக் கடலோர நகரம் ஒன்றின் தோல் தொழிலாளி, காவல் முறைக்காக மதிலுக்குப் போகிறவர். லினன் சட்டை, கால்சராய், கம்பளிக் காலுறை, மேலாடை, தலையுறை, காலணி. பிறகு பஞ்சு அங்கி. பிறகு தகட்டுச் சட்டை. தலைக்குப் பாசினெட் இல்லை, அகன்ற விளிம்புள்ள இரும்புத் தொப்பி. கால் இரும்பு இல்லை. கூடாரம் இல்லை, குழுவின் பெரிய கூடாரத்தில் ஒரு மூலை கேட்டிருக்கிறேன். சரியா?

#14 ஏட்டுப்பூச்சி

மிகச் சரி. தோல் தொழிலாளி என்பது நல்ல தேர்வு, காலணியை நீங்களே தைத்துவிடலாம். உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, நனைத்து, திருப்பிப் போடும் முறை. அடியில் தனிக் குதிகால் கிடையாது. குரோம் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டாம், அது வரவே இன்னும் ஐந்நூறு ஆண்டு இருக்கிறது.

#15 புதுக்கேடயம்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். உள்ளாடையும் மேலாடையும் முடிந்தன. அங்கியின் மாதிரியை மலிவுத் துணியில் மூன்று முறை தைத்தேன். மூன்றாவதைப் போட்டுக் கையைத் தூக்கியபோது என் அக்கா இடுப்பில் விரல் வைத்துப் பார்த்தாள். நகரவில்லை. இருவரும் சத்தம் போட்டுவிட்டோம்.

நல்ல துணியில் வெட்டி, பஞ்சு வைத்து, வரி வரியாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். முன்பக்கம் நாடா கோக்கும் கண்களைக் குத்தினால் துணி பிசிறு பிசிறாகப் பிரிகிறது. கத்திரிக்கோல் முனையால் வெட்டித்தான் திறக்கிறேன். தவறா?

#16 ஊசிநூல்

உங்கள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மூன்றாவது முறையிலேயே வந்துவிட்டதே, எனக்கு நான்கு ஆனது.

கத்திரியைக் கீழே வையுங்கள். இழையை வெட்டினால் அந்தக் கண் என்றைக்கும் பலவீனம்தான். உருண்டை முனையுள்ள குத்தூசி எடுத்து, இழைகளுக்கு நடுவே நுழைத்து, சுழற்றிச் சுழற்றி விலக்குங்கள். ஒரு இழையும் அறக் கூடாது. உள்பக்கம் விளிம்பு நெடுக ஒரு லினன் பட்டி வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு குத்தினால் இன்னும் நல்லது. தேன்மெழுகு தடவிய லினன் நூலால் துளையைச் சுற்றி நெருக்கமாகத் தையுங்கள். நான்கைந்து தையலுக்கு ஒரு முறை குத்தூசியை மறுபடி விட்டுத் திருப்புங்கள், இல்லாவிட்டால் துளை மூடிக்கொண்டே வரும்.

முதல் பத்துக் கண் கோணலாக வரும். அவற்றைக் கீழ் விளிம்புப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே தகட்டுச் சட்டை மூடிவிடும்.